எழுத்துக்குக் கவசம் பூட்டிய கலைஞர்

எழுத்து என்பது ஒலியின் அடையாளம் என்பர் இலக்கணம் வல்லோர். அவ்வடையாளமே உயிர்பெற்றுப் போர்புரியும் என்று கருதிய கலைஞர் ஒருவர் நியூயார்க் நகரில் வாழ்ந்தார். அவர் பெயர் ராமெல்ஸீ.

1960-இல் அந்நகரின் குவீன்ஸ் பகுதியில் பிறந்த இவர், இளமையில் சுரங்க ரயில் பெட்டிகளின்மீது வண்ணம் தெளித்து எழுதினார். அது சட்டப்படி குற்றம். அவரோ அதனை ஒரு மரபின் தொடர்ச்சியாகவே கண்டார். இடைக்கால ஐரோப்பியத் துறவியர், ஏடுகளில் எழுத்துகளை அணிசெய்து வரைந்தனர். அவ்வணியே வளர்ந்து எழுத்துக்குக் கவசமாகவும் படைக்கலமாகவும் அமையவேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கு 'கோதிக் ஃபியூச்சரிசம்' எனப் பெயரிட்டார்.

தாளத்திற்கு இயையச் சொல்லடுக்கிப் பேசும் ஹிப் ஹாப் இசையிலும் இவர் சொற்களை வளைத்தும் முறித்தும் ஒலித்தார். 1983-இல் கே-ராப் என்பவருடன் இவர் அளித்த 'பீட் பாப்' இசைத்தட்டுக்கு உறை வரைந்தவர், புகழ்பெற்ற ஓவியர் பாஸ்கியா. முதலில் வெளிவந்தவை சில நூறு தட்டுகளே. பின்னாளில் சேகரிப்போர் அவற்றைப் பெருவிலை கொடுத்து வாங்கினர்.

பின்னர், பிறர் எறிந்த கழிபொருள்களைச் சேர்த்து, ஆங்கில எழுத்துகளைச் சக்கர ஊர்திகளாக உருவாக்கினார்; தமக்கு முகமூடியும் கவசமும் சமைத்தார். 2010-இல் மறைந்தார். 2018-இல் நியூயார்க்கில் அவர் படைப்புகளின் பெருங்கண்காட்சி நடைபெற்றது.

வேற்றெழுத்துகளின் நடுவே வாழும் நேயர்களுக்கு இக்கருத்து விளங்காததன்று. படிக்கத் தெரியாத பெயர்ப்பலகையில் எழுத்து முதலில் வடிவமாகவே தோன்றுகிறது. அவ்வடிவுக்கும் ஒரு வாழ்வு உண்டென்று நம்பி, அதற்கே தம் வாழ்வை அளித்தவர் ராமெல்ஸீ.