மேயரும் தகரக் குவளையும்

2025 நவம்பர் 4ஆம் திகதி நியூயோர்க் மாநகர மேயராக ஸொஹ்ரான் மம்தானி தெரிவான செய்தி நம்மட ஊர்களிலும் பெரிதாகவே பேசப்பட்டது. உகண்டாவின் கம்பாலாவில் பிறந்தவர், வயது 34, அந்நகரின் முதலாவது முஸ்லிம் மேயர். 2026 ஜனவரி முதலாம் திகதி அல்குர்ஆனின் மீது கைவைத்துப் பதவியேற்றார். மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "சேர், அப்ப இனி நியூயோர்க்கில பஸ் எல்லாம் சும்மாதானா?"

இலவச பஸ் என்பது மம்தானியின் பிரதான வாக்குறுதிகளில் ஒன்று. மக்கள் அதற்கு வாக்களித்தும் விட்டார்கள். அப்படியானால் பஸ் ஓட வேண்டியதுதானே? இல்லை. அந்த நகரத்து பஸ்ஸின் கட்டணத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் அந்த நகரத்து மேயரிடம் இல்லை. ஏன் இல்லை என்று விளங்கிக்கொள்ள, நகரிலிருந்து சுமார் 240 கிலோமீற்றர் வடக்கே, ஹட்சன் ஆற்றின் கரையில் உள்ள அல்பனிக்குப் போக வேண்டும். நியூயோர்க் மாநிலத்தின் தலைநகர் அதுதான். ஆளுநரும், 63 பேர் கொண்ட செனட்டும், 150 பேர் கொண்ட அசெம்பிளியும் அங்கேதான்.

நியூயோர்க் நகரம் வேறு, நியூயோர்க் மாநிலம் வேறு. நகரத்தின் சனத்தொகை 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 88 இலட்சம். உலகச் சந்தையை ஆட்டுவிக்கும் நிதி நிறுவனங்கள் அதற்குள் இருக்கின்றன. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது மாநிலத்தின் பிள்ளை. அமெரிக்க அரசியல் யாப்பு மத்திய அரசைப் பற்றிப் பேசுகிறது, மாநிலங்களைப் பற்றிப் பேசுகிறது. நகரங்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. நகரம் என்பது மாநிலம் உண்டாக்கியது. உண்டாக்கியவன் கொடுத்தது எதுவோ அதுதான் அதன் அதிகாரம்.

இந்தக் கருத்தை 1868இல் அயோவா மாநில உயர் நீதிமன்ற நீதியரசர் ஜோன் டில்லன் அழுத்தமாக எழுதிவைத்தார். நகரசபைகளுக்கு உயிர் கொடுப்பது சட்டமன்றம், அந்த உயிரை எடுக்கவும் அதற்கு முடியும் என்பது அவர் சொன்னதன் சாரம். இன்றும் 'டில்லன் விதி' என்று அதைச் சொல்வார்கள். இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பென்சில்வேனியாவில் அலிகெனி என்ற நகரத்தைப் பக்கத்தில் இருந்த பிட்ஸ்பேர்க்குடன் இணைக்க மாநிலம் முடிவெடுத்தது. அலிகெனி மக்களில் பெரும்பான்மையினர் வேண்டாம் என்றே வாக்களித்தார்கள். இரு நகரங்களின் வாக்குகளையும் ஒன்றாகக் கூட்டி எண்ணியதால் அவர்களின் 'வேண்டாம்' காணாமல் போயிற்று. 1907இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது சரிதான் என்றது. அலிகெனி என்ற நகரம் அத்தோடு இல்லை.

நியூயோர்க்கின் யாப்பில் நகரங்களுக்குச் சுயாட்சி தரும் ஒரு பகுதி உண்டு. ஒரு நகரத்தை மட்டும் பாதிக்கும் சட்டத்தைக் கொண்டுவருவதானால், அந்த நகரசபையின் வேண்டுகோள் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விடயம் மாநிலம் முழுவதற்கும் அக்கறைக்குரியது என்றால் வேண்டுகோள் தேவையில்லை என்று நீதிமன்றங்கள் 1929இலிருந்து தீர்ப்பளித்து வந்திருக்கின்றன. கதவு பூட்டித்தான் இருக்கிறது. திறப்பு பக்கத்து வீட்டில் தொங்குகிறது.

காசு விடயம் இன்னும் இறுக்கமானது. ஆதன வரியின் வீதத்தை, யாப்பு வகுத்த எல்லைக்குள், நகரசபை தானாகவே நிர்ணயிக்கலாம். வருமான வரியையோ விற்பனை வரியையோ கூட்டுவதானால் அல்பனியின் சட்டம் வேண்டும். ஒரு மில்லியன் டொலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களிடம் மேலதிகமாக 2 வீதம் அறவிடுவேன் என்று மம்தானி சொன்னாரே, அந்த வரியை விதிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. கேட்கத்தான் முடியும். அவரை ஆதரித்த ஆளுநர் கெத்தி ஹோக்கலே வருமான வரியைக் கூட்ட விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார்.

கேட்பதற்கென்று ஒரு நாளும் இருக்கிறது. வருடத்தின் ஆரம்ப மாதங்களில் மாநிலப் பாதீடு விவாதத்தில் இருக்கும்போது, செனட், அசெம்பிளி இரண்டினதும் நிதிக் குழுக்கள் கூடி உள்ளூராட்சி பற்றி விசாரணை நடத்தும். நியூயோர்க், பஃபலோ, ரொசெஸ்டர், சிரக்கியூஸ், யொங்கர்ஸ் மேயர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாட்சியம் சொல்வார்கள்: இவ்வளவு பற்றாக்குறை, இவ்வளவு தாருங்கள், இந்தச் சட்டத்தை நீடியுங்கள். அல்பனியில் அதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'தகரக் குவளை நாள்'. பிச்சைக்காரன் கையில் ஏந்தும் குவளை. திருக்குறளில் 'இரவு' என்று ஓர் அதிகாரமும், அடுத்தாற்போல 'இரவச்சம்' என்று ஓர் அதிகாரமும் இருக்கின்றன. கேட்பது முறைதான் என்பது ஒன்று, கேட்க அஞ்சு என்பது மற்றது. அமெரிக்காவின் மிகப் பெரிய நகரத்தின் மேயர் வருடாவருடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் போய் நிற்கிறார்.

கேட்டால் கிடைக்குமா? சில வேளை கிடைக்கும், சில வேளை கையில் இருந்ததும் போகும். 1966 தொடக்கம், புறநகரில் வசித்துக்கொண்டு நகரத்தில் தொழில் செய்பவர்களிடம் நியூயோர்க் ஒரு சிறிய வருமான வரி அறவிட்டு வந்தது. நகரத்து வீதியையும் பொலிசையும் தீயணைப்பையும் பாவிப்பவர்கள் கொஞ்சம் தரட்டும் என்பது நியாயம். 1999இல் அல்பனி அதை ஒழித்தது. காரணம், நகரத்துக்கு வெளியே ஒரு செனட் தொகுதியில் வந்த இடைத்தேர்தல். புறநகர் வாக்காளரை மகிழ்விக்க இரு கட்சிகளும் போட்டி போட்டன. அன்று அசெம்பிளி சபாநாயகராக இருந்த ஷெல்டன் சில்வர் மன்ஹட்டனைப் பிரதிநிதித்துவம் செய்தவர்! மேயர் ஜூலியானி எதிர்த்தார், நகரம் வழக்குப் போட்டது, எடுபடவில்லை. பல நூறு மில்லியன் டொலர் வருட வருமானம் போனது போனதுதான். நம்மட தொகுதி ஆள் அங்கே இருக்கிறார் என்பது மட்டும் போதாது. அவர் யாருடைய வாக்கை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

பணத்தை விடுவோம், உயிர் சம்பந்தப்பட்ட விடயத்துக்கு வருவோம். பாடசாலைகளுக்கு அருகே வேகமாக ஓடும் வாகனங்களைப் படமெடுக்கும் கமராக்களைப் பொருத்தவும் நியூயோர்க்குக்கு மாநில அனுமதி வேண்டும். அந்த அனுமதி காலவரையறை உள்ளது. 2018 ஜூலையில் செனட் நீடிக்காமல் விட்டதால் அனுமதி காலாவதியாயிற்று. கமரா கம்பத்தில் இருக்கிறது, அதை இயக்க நகரத்துக்கு அதிகாரம் இல்லை. பாடசாலை தொடங்குவதற்குச் சற்று முன்னர் ஆளுநர் அவசர உத்தரவு போட்டுத்தான் நிலைமையைச் சமாளித்தார்கள். வீதியின் வேக எல்லையும் அப்படித்தான். 2013இல் புரூக்ளினில் வேன் மோதி 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். வேக எல்லையை மணிக்கு 20 மைலாகக் குறைக்க நகரத்துக்கு இடம்கொடுக்கும் சட்டம் அவன் பெயரால் 'சமி சட்டம்' என்று 2024இல்தான் நிறைவேறியது. அதுவரை பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் அல்பனிக்கு நடையாய் நடந்தார்கள். தங்கள் தெருவில் வாகனம் மெதுவாகப் போக வேண்டும் என்பதற்கு 240 கிலோமீற்றர் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

மாநிலத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 1975இல் நியூயோர்க் நகரம் வங்குரோத்தின் விளிம்பில் நின்றது. அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கிக் கடன் வாங்கி, கடைசியில் கடன் கொடுக்க ஆளில்லாமல் போயிற்று. மாநிலம்தான் கைகொடுத்தது, கூடவே நிதிக் கட்டுப்பாட்டுச் சபை ஒன்றையும் தலைக்கு மேல் உட்கார வைத்தது. நகரத்தைத் தன்போக்கில் விட முடியாது என்பவர்கள் இன்றும் அதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். எனினும் கடன் வாங்குவதைக் கண்காணிப்பது வேறு, பாடசாலை வாசல் கமராவை அணைப்பது வேறு.

இந்த நிலையில் கெட்டிக்கார மேயர் என்ன செய்வார்? 2014இல் பில் டி பிளாசியோ செய்ததைப் பார்க்கலாம். நாலு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவச முன்பள்ளி என்று வாக்குறுதி கொடுத்து வந்தவர். செலவுக்காக 5 இலட்சம் டொலருக்கு மேல் உழைப்பவர்களிடம் வரி கூட்ட அனுமதி கேட்டார். ஆளுநர் அண்ட்ரூ குவோமோ, அவரும் அதே ஜனநாயகக் கட்சிக்காரர்தான், வரிக்குச் சம்மதிக்கவில்லை. ஆனால் முன்பள்ளி வேண்டும் என்று ஊரே பேசிவிட்டதால் வெறுங்கையோடு அனுப்பவும் முடியவில்லை. மாநிலப் பாதீட்டில் 300 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. வரி கிடைக்கவில்லை, முன்பள்ளி கிடைத்தது. அதேவேளை சொந்த வரியென்றால் வருடாவருடம் தானாக வரும். ஒதுக்கீடு என்றால் குவளையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் போக வேண்டும்.

மம்தானியும் இதே வழியில் நடக்கத் தொடங்கியிருப்பதாகத் தெரிகிறது. 2026 ஜனவரி 8ஆம் திகதி அவரும் ஆளுநர் ஹோக்கலும் ஒன்றாக நின்று, இரண்டு வயதுக் குழந்தைகளுக்கான இலவசப் பராமரிப்பைத் தொடங்க முதல் இரண்டு வருடச் செலவை மாநிலம் ஏற்கும் என்று அறிவித்தார்கள். அதே 2026 நவம்பரில் ஹோக்கலுக்குத் தேர்தல். நகரத்து வாக்குகள் அவருக்கும் தேவை. மேயரிடம் இருக்கும் உண்மையான நாணயம் அதுதான்: தன் பின்னால் நிற்கும் மக்கள். மூன்றாவது வருடம் யார் கொடுப்பார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இனி, மாணவனின் பஸ்ஸுக்கு வருவோம். நியூயோர்க்கின் பஸ்களையும் சுரங்க ரயிலையும் நடத்துவது எம்.டி.ஏ. என்ற மாநில அதிகார சபை. தலைவரை நியமனம் செய்ய முன்மொழிபவர் ஆளுநர். மேயருக்கு உள்ளது சில உறுப்பினர்களைப் பரிந்துரைக்கும் உரிமை மட்டும். மம்தானி அசெம்பிளி உறுப்பினராக இருந்தபோதே இதற்காகப் போராடி, 2023 செப்டெம்பர் தொடக்கம் ஐந்து பஸ் பாதைகளில் பரீட்சார்த்தமாக இலவச சேவை நடக்கச் செய்தார். 2024 ஓகஸ்டில் அது முடிந்தது, மாநிலம் நீடிக்கவில்லை. மறுபுறத்தில், வாடகையை உயர்த்தாமல் வைப்பேன் என்ற வாக்குறுதி அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஏனென்றால் வாடகைக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட வீடுகளின் உயர்வு வீதத்தை முடிவுசெய்யும் ஒன்பது பேர் கொண்ட சபையை நியமிப்பவர் மேயர். ஒரே மனிதர், ஒரே தேர்தல், ஒரே மேடை. ஆனால் ஒரு வாக்குறுதி அவர் கையில், மற்றது பிறர் கையில்.

தமிழில் நாம் மேயரை 'மாநகர முதல்வர்' என்று அழகாக எழுதுகிறோம். சொல்லில் உள்ள முதன்மை சட்டத்தில் இருக்க வேண்டும் என்றில்லை. 'நம்மட ஆள் வந்துட்டார்' என்று சந்தோசப்படுவதில் பிழையில்லை. அந்தச் சந்தோசத்தோடு, அவர் தானாக விதிக்கக்கூடிய வரி எது, யாரிடமோ கேட்டுத்தான் செய்யக்கூடியது எது என்பதையும் விசாரித்து வைத்துக்கொண்டால், நாளைக்கு ஏமாற்றுக்காரன் என்று அவரை அநியாயமாகத் திட்டவும் மாட்டோம், செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டால் சும்மா விடவும் மாட்டோம். நியூயோர்க் மாநிலத்தின் நிதியாண்டு ஏப்ரல் முதலாம் திகதி தொடங்குகிறது, நகரத்தினது ஜூலை முதலாம் திகதி. மம்தானியின் வாக்குறுதிகள் என்னவாகின்றன என்று அறிய விரும்புபவர்கள் அவருடைய மேடைப் பேச்சைவிட அந்த முதலாவது பாதீட்டைக் கவனித்து வாசிக்க வேண்டும்.