பெயர் தேடும் சட்டம். உரு மாறும் போதை

புது தில்லி: 2024 அக்டோபரில் போபால் அருகே ஒரு தொழிற்சாலையில் திடமும் திரவமுமாக 907 கிலோ மெஃபட்ரோன் பிடிபட்டது. 2015 பிப்ரவரிக்கு முன்பு சிக்கியிருந்தால், 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அதைத் தீண்டியிராது. பட்டியலில் அப்பெயரே இல்லை. மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட பின்னரோ, 50 கிராமுக்கு மேல் வைத்திருந்தால் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல், ஜாமீனும் எளிதன்று.

கிழக்கு ஆப்பிரிக்காவில் மெல்லப்படும் காத் இலையிலுள்ள கேத்தினோனின் செயற்கை உறவு இது. 1929-லேயே ஆய்வகத்தில் பிறந்தது. மூளையில் டோபமைன், செரோடோனின் ஆகியவற்றைப் பெருகச் செய்கிறது. கிளர்ச்சி சில மணி நேரத்தில் வடிந்துவிடும். ஆகவே மீண்டும் மீண்டும் நாடத் தூண்டும். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும்.

பிரிட்டனில் இதனைச் 'செடி உரம்' என்று முத்திரையிட்டு விற்றனர். 2010-இல் தடை வந்ததும், மூலக்கூறு சற்றே மாறிய சரக்குகள் கடைக்கு வந்தன. சலித்துப்போன அரசு, மனநிலையை மாற்றும் புதிய பொருள்களின் விற்பனையைப் பெயர் பாராமல் தடுக்க 2016-இல் தனிச் சட்டம் கண்டது. (சிறைச்சாலைக்கு வெளியே அவற்றை வைத்திருப்பது மட்டும் அச்சட்டப்படி குற்றமன்று.)

இந்தியாவிலோ, வேதியியல் அறிந்தவர் ஓர் அணுத்தொகுதியை மாற்றிவிட்டால் அதிகாரிகள் அடுத்த அறிவிக்கைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.