விண்கல் என்றார்கள், 15 ஆயிரம் கேட்டார்கள்!

தங்கச் செயினுக்குப் பாலிஷ் போடுகிறேன் என்று வருபவர்களைப் பற்றி இந்தப் பகுதியில் எத்தனையோ சகோதரிகள் எழுதிவிட்டார்கள். இது கல்லை வைத்து நடக்க இருந்த கூத்து. நடந்தது எங்கள் சேலத்தில்.

எதிர்வீட்டு அக்காவின் மகன் ஒன்பதாம் வகுப்பு. கல் பொறுக்குவதில் அவனுக்கு அலாதி ஆசை. (எனக்கும்தான். என் வீட்டு ஷோகேஸில் பொம்மையைவிடக் கல்தான் அதிகம்.) அமாவாசைக்குக் கஞ்சமலை சித்தர் கோயிலுக்குப் போனபோது, அடிவாரத்தில் கறுப்பாக, கைக்கு கனமாக ஒரு கல்லை எடுத்து வந்திருக்கிறான். அதைப் பார்த்த ஒருவர் காந்தத்தைக் கொண்டு வந்து ஒட்டிக் காட்டி, "இது விண்கல்லுங்க. லட்சக்கணக்குல போகும். சர்டிபிகேட் வாங்க 15 ஆயிரம் மட்டும் கட்டிருங்க" என்றாராம்.

அண்ணன் லாரியில் வடக்கே போயிருந்த நேரம். அக்கா என்னிடம் வந்து, "கண்ணு, செயின வெச்சு குடுத்துறலாம்னு இருக்கேன். வெள்ளிக்கெழம வர்றேன்னிருக்காரு. நீ ஒருக்கா பாத்துச் சொல்லு" என்றார். மூன்று சவரன் செயின், அவர் அம்மா போட்டது.

"அக்கா, காந்தம் ஒட்டுறதெல்லாம் விண்கல் ஆயிடுமா? கல்லை இங்க கொண்டாங்க" என்றேன்.

பெரும்பாலான விண்கற்களில் இரும்பு இருப்பதால் காந்தம் ஒட்டும் என்பது உண்மைதான். ஆனால் மேக்னடைட் என்கிற இரும்புத் தாதுவிலும் ஒட்டும். அந்தத் தாது கஞ்சமலையில் கொட்டிக் கிடக்கிறது! வெள்ளைக்காரர் ஹீத் என்பவர் 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தபோது சேலத்துத் தாதுவைத்தான் நம்பியிருந்தார்.

பாத்ரூமுக்கு ஒட்டியது போக மீந்த டைல்ஸ் துண்டு இருந்தது. அதன் முதுகுப்பக்கம், வழவழப்பு இல்லாத பக்கத்தில், கல்லின் கறுப்புப் பகுதியைத் தேய்த்தேன். கரிக்கோடு மாதிரி கறுப்பாக விழுந்தது. மேக்னடைட்டின் குணம் அது. செங்கல் நிறத்தில் விழுந்தால் ஹெமடைட் என்ற இன்னொரு இரும்புத் தாது. விண்கல் பொதுவாக இப்படி அழுத்தமாகக் கோடு போடாது.

அடுத்து எடை. சமையலறைத் தராசில் 780 கிராம். வாய்வரை தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் கல்லை மெல்ல இறக்கி, வழிந்த நீரைப் பையனின் பாலிடால் அளவுக் குவளையில்... இல்லை, அப்படியெல்லாம் விஷப் பாத்திரத்தைத் தொடாதீர்கள், குழந்தைக்குப் பால் கலக்கும் புட்டியிலேயே மில்லி கோடு இருக்கிறது, அதில் அளந்தேன். 220 மில்லி. அதாவது தண்ணீரைப்போல மூன்றரை மடங்கு கனம். சாதாரணக் கருங்கல் 2.7 மடங்குதான் வரும். முழு இரும்பு விண்கல்லாக இருந்தால் ஏழு மடங்கைத் தாண்டும். ஆனால் கல் வகை விண்கற்களும் மூன்றரை மடங்கு வரும் என்பதால் இதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது.

கல்லைக் கழுவித் துடைத்து வெயிலில் பிடித்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. கறுப்புக்கு நடுவே மெல்லிசாக வெள்ளைப் பட்டைகள், சேலைக் கரை போல. வெள்ளைப் பட்டையின் முனையால் உடைந்த கண்ணாடிச் சில்லில் இழுத்தேன், கீறல் விழுந்தது. கத்தியால் அந்தப் பட்டையைக் கீறினேன், கத்திக்கு மசியவில்லை. ஆக, அது குவார்ட்ஸ். விண்கல்லில் இப்படிக் குவார்ட்ஸ் பட்டை பட்டையாக ஓடாது. மேலே உருகிக் கருகிய மெல்லிய தோலும் இதில் இல்லை.

என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம் என்று அக்காவையும் பையனையும் கூட்டிக்கொண்டு ஒரு கல்லூரியின் நிலவியல் துறைக்குப் போனேன். பேராசிரியை ஒருவர் லென்ஸ் வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். "மேக்னடைட் குவார்ட்சைட். கஞ்சமலைதானே?" என்றார். காசு பைசா வாங்கவில்லை. இந்தப் பாறைகள் உண்டாகி 250 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறதாம். பையனுக்கு வாயெல்லாம் பல்! விண்கல் இல்லையே என்ற வருத்தம் அக்காவுக்குத்தான் கொஞ்சம் இருந்தது.

வெள்ளிக்கிழமை அந்த ஆள் வந்தார். அக்கா டைல்ஸ் துண்டை நீட்டி, "இதுல கோடு போட்டுக் காட்டுங்க" என்றார். போன் வந்ததாகச் சொல்லி வண்டியை எடுத்தவர்தான், திரும்பவில்லை.

எங்கள் பக்கம் வெள்ளைக் கற்களும் நிறையக் கிடைக்கும். கத்தி கீறினால் அநேகமாக மேக்னசைட். கத்திக்கு மசியாமல் கண்ணாடியைக் கீறினால் குவார்ட்ஸ். வினிகர் விட்டதும் நுரைத்தால் சுண்ணாம்புக் கல். குழந்தைகள் கல் சேர்த்தால் எடுத்த இடம், தேதி இரண்டையும் சீட்டில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பேராசிரியை முதலில் கேட்டதே அதுதான். சென்னைக்குப் போகிறவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவையும் காட்டுங்கள்.

- ஒரு வாசகி, சேலம்.