திரும்பி வரும் இரக்கம்: கல்வராயன் மலையேறிய எவலின் பிராண்ட்

நீண்ட நாள் சிகிச்சையில் இருப்போரின் படுக்கையருகே அமர்ந்திருக்கும் உறவினர்கள் எங்களிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி, "இன்னும் எத்தனை நாள், டாக்டர்?" என்பதே. காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதம், பக்கவாதத்துக்குப் பிந்தைய பயிற்சிக்குப் பல மாதங்கள், நீரிழிவுக்கு வாழ்நாள் முழுவதும் என்று நாங்கள் விடை கூறுகிறோம். அவ்விடையைக் கேட்கும் முகங்களில் படரும் களைப்பையும் காண்கிறோம். நோயின் பெயரைத் தாங்கிக்கொண்டவர்களுக்குக்கூட, அந்நோயோடு நாள்தோறும் நடக்கவேண்டிய தொலைவைத் தாங்குவது கடினமாகவே உள்ளது.

அத்தகையோருக்கு ஓர் அம்மையாரின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். உளுந்தூர்பேட்டையிலிருந்து மேற்கே சென்று கள்ளக்குறிச்சியைக் கடந்தால் கல்வராயன் மலைத்தொடர் கண்ணுக்குத் தென்படும். மற்றவர்கள் ஓய்வை நாடும் வயதில் அம்மலைக்கு ஏறிச் சென்று அங்குள்ள மக்களுக்குத் தொண்டு செய்தவர் எவலின் பிராண்ட். 'பிராண்ட் பாட்டி' என்று அன்போடு அழைக்கப்பட்ட அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். எனினும், நோயுற்றோரை விட்டகலாமல் இருப்பது எவ்வாறு என்பதை மருத்துவர்களாகிய நாங்களும் அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

லண்டனிலிருந்து கொல்லிமலைக்கு

எவலின் 1879ஆம் ஆண்டு லண்டனில் வசதியான வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஓவியக் கலை பயின்றவர். முப்பது வயதைக் கடந்தபின், கிறிஸ்தவ அருட்பணிக்காகச் சென்னைக்கு வந்தார். 1913இல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து, அவருடன் கொல்லிமலையில் குடியேறினார். அக்காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அம்மலையில் தங்கத் தயங்கினர். சாலை கிடையாது, நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் ஏறவேண்டும்.

ஜெஸ்ஸி வெப்பமண்டல நோய்களைப் பற்றி ஓராண்டுக் காலப் பயிற்சி பெற்றிருந்தார். அந்த அடிப்படை அறிவோடு இருவரும் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தனர். புண்களைக் கழுவிக் கட்டினர். சொத்தைப் பற்களைப் பிடுங்கினர். பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினர். கட்டடக் கலையும் அறிந்திருந்த ஜெஸ்ஸி, மக்களுக்குத் தச்சு வேலை முதலிய தொழில்களையும் கற்பித்தார்.

அவர்கள் தங்கள் சமயத்தை அறிவிக்கவே வந்தவர்கள். அதை மறைக்கவும் இல்லை. ஆயினும் பல ஆண்டுகள் வரை அம்மலையில் ஒருவரும் அவர்களுடைய சமயத்தை ஏற்கவில்லை. அதற்காக அவர்கள் மருந்துப் பெட்டியை மூடிவிடவுமில்லை. தாம் சொல்வதைக் கேட்பவர், கேளாதவர் என்ற வேறுபாடின்றி நோயுற்றோர் அனைவருக்கும் பணி தொடர்ந்தது.

முதல் உலகப் போரின் இறுதியில் உலகெங்கும் பரவி, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த இன்ஃப்ளுயன்சா காய்ச்சல் கொல்லிமலைக்கும் வந்தது. அச்சத்தால் உறவினர்களே நோயாளிகளை விட்டு விலகினர். அக்காய்ச்சலைக் குணமாக்கும் மருந்து அன்று எவரிடமும் இல்லை. பிராண்ட் தம்பதியர் பெரிய பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சி, ஊர் ஊராகச் சென்று நோயாளிகளுக்கு ஊட்டினர். அவர்களை நெடுங்காலம் எதிர்த்துவந்த பூசாரி ஒருவரும் அக்காய்ச்சலில் விழுந்தார். அவருடைய வீட்டுக்கும் அவர்கள் சென்றனர். இறக்கும் தறுவாயில் அப்பூசாரி தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார் என்று அவர்களின் மகன் பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

மருந்தில்லாத இடத்திலும் கஞ்சிக்கு இடமுண்டு. "எங்களால் இனி என்ன செய்ய முடியும்?" என்று கலங்கும் குடும்பத்தினர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். வறண்ட உதடுகளை நனைப்பதும், படுக்கையில் புரட்டிப் படுக்கவைப்பதும், நான்கு கரண்டி கஞ்சியைப் பொறுமையோடு ஊட்டுவதும் சிகிச்சையின் பகுதிகளே.

குச்சியில் சுற்றிய புழு

அக்காலத்தில் நம் நாட்டின் பல பகுதிகளில் காணப்பட்ட நோய் நரம்புச் சிலந்தி. இளைய வாசகர்கள் இப்பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். குளத்து நீரிலும் படிக்கிணற்று நீரிலும் வாழும் மிகச் சிறிய உயிரியின் உடலில் இதன் இளம்புழுக்கள் தங்கியிருக்கும். அந்நீரை வடிகட்டாமல் குடித்தவரின் உடலில் அவை வளரும். ஏறத்தாழ ஓராண்டுக்குப்பின், ஒரு மீட்டர் வரை நீண்ட புழு, பெரும்பாலும் காலில் கொப்புளத்தை ஏற்படுத்தி வெளியே தலைகாட்டும். எரிச்சல் தாளாமல் நோயாளி காலை நீரில் வைத்ததும், புழு ஆயிரக்கணக்கான இளம்புழுக்களை அந்நீரில் உமிழும். அந்நீரைக் குடிப்போருக்கு மறுபடியும் நோய்.

இதற்கு அன்றும் மருந்தில்லை, இன்றும் இல்லை. வெளிவந்த நுனியை ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் மட்டும் மெல்ல இழுக்கவேண்டும். முழுவதும் வெளிவரப் பல நாட்கள், சிலருக்குப் பல வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு இழுத்தால் புழு அறுந்துவிடும். உள்ளே எஞ்சிய பகுதியால் கடும் வீக்கமும் சீழும் உண்டாகும். ஜெஸ்ஸி பிராண்ட் இவ்வாறு பலருக்குப் புழுவை எடுத்தார். அதோடு நில்லாமல், மக்கள் கால் நனைக்க இயலாதவாறு கிணறுகளுக்குக் கல்சுவர் எழுப்பவும் கற்பித்தார். 2000ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்நோய் அற்ற நாடாக அறிவித்தது. வடிகட்டிய நீரும், சுவரெழுப்பிய கிணறும், வீடுதோறும் சென்று திரும்பத் திரும்பச் சொன்ன பணியாளர்களுமே அதற்குக் காரணம்.

இன்றைய நோய்கள் பலவற்றுக்கும் இந்தக் குச்சியின் பாடம் பொருந்தும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் காசநோய் மாத்திரையை நிறுத்துபவர், புழுவைப் பாதியில் அறுப்பவரைப் போன்றவர். எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். அடுத்தமுறை அதே மருந்துக்கு அவை அடங்காமலும் போகலாம்.

ஓய்வுக்குப்பின் கல்வராயன் மலை

1929இல் ஜெஸ்ஸி, மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலால் காலமானார். அவருக்கு வயது 44. எவலின் ஐம்பதை எட்டியிருந்தார். மகன் பாலும் மகளும் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தனர். இறப்புச் செய்தி தந்தியில் முந்திச் செல்ல, தந்தை முன்னரே எழுதிய கடிதங்கள் கப்பலில் வாரக்கணக்கில் பின்னால் வந்துகொண்டிருந்தன என்று பால் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். எவலினின் துயரம் ஆழமானது. சிலகாலம் இங்கிலாந்துக்குச் சென்று தங்கியவர், மீண்டும் இந்தியாவுக்கே வந்து பணியைத் தொடர்ந்தார்.

பச்சைமலை, கல்வராயன் முதலிய பிற மலைகளுக்கும் செல்லவேண்டும் என்பது கணவன் மனைவி இருவரின் நெடுநாள் விருப்பம். எவலினுக்கு ஏறத்தாழ 68 வயதானபோது, முதுமையைக் காரணம் காட்டி மற்றுமொரு முழுப் பணிக்காலத்துக்கு அவரை அமர்த்த அருட்பணிச் சங்கம் இசையவில்லை. ஓராண்டு மட்டும் கேட்டுப் பெற்றார். அவ்வாண்டு முடிந்ததும் சங்கத்திலிருந்து ஓய்வுபெற்று, தம் சொந்தப் பொறுப்பில் கல்வராயன் மலைக்குச் சென்றார்.

அன்றைய கல்வராயன் மலை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1970களின் நடுப்பகுதியில்தான் அரசின் நேரடி நிர்வாகம் அங்கு முழுமையாக வந்தது. சாலையும் மருத்துவமனையும் எட்டாத அம்மலைச் சிற்றூர்களுக்கு எவலின் மட்டக்குதிரையில் சென்றார். பலமுறை கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. நடை தளர்ந்தபோது இரு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். அப்போது வேலூரில் அறுவை மருத்துவராக இருந்த மகன், மலையைவிட்டு வந்து ஓய்வெடுக்குமாறு மன்றாடியும் அவர் இணங்கவில்லை. வாழ்வின் இறுதி இருபது ஆண்டுகளில் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக்கூட அவர் வைத்துக்கொள்ளவில்லையாம். 1974ஆம் ஆண்டு டிசம்பரில், 95ஆம் வயதில் காலமானார். கொல்லிமலையில் கணவரின் கல்லறையருகே அடக்கம் செய்யப்பட்டார்.

இந்த மனவுறுதிக்கு ஊற்று அவருடைய சமய நம்பிக்கை. கிறிஸ்தவர்கள் நன்கறிந்த நல்ல சமாரியன் உவமையை இங்கு நினைவுகூரலாம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு இரங்கிய சமாரியன், காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. அவனைச் சத்திரத்துக்குக் கொண்டுசென்று பார்த்துக்கொண்டான். மறுநாள் புறப்படும்போது பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தான். இரக்கத்தின் இரண்டாம் பகுதி இந்தத் திரும்பி வருதல். முதல்நாள் கண்ணீர் விடுவோர் பலர். நாற்பதாம் நாளும் வந்து நிற்போர் சிலரே. எவலின் பிராண்ட் திரும்பி வந்தவர். வேறு சமய நம்பிக்கை உடையவர்களும், சமய நம்பிக்கையே இல்லாதவர்களும் இந்த அறத்தைத் தம்முடையதாக ஏற்பதில் தடையேதும் இல்லை.

மகன் கண்ட உண்மை

1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்ற கருத்து அப்போது பரவலாக இருந்தது. பொறுமையோடு ஒவ்வொரு கையையும் காலையும் ஆராய்ந்த அவர், வேறோர் உண்மையைக் கண்டார். நோய் நரம்புகளைத் தாக்கி வலியுணர்வை அழிக்கிறது. வலி தெரியாததால் சூடும் வெட்டும் உராய்வும் கவனிக்கப்படாமல் போகின்றன. அக்காயங்களே விரல்களைச் சிதைக்கின்றன. செயலற்ற கைகளுக்குத் தசைநாண்களை இடம்மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையை அவர் தொழுநோயாளிகளுக்குச் செய்தார். மடங்கிக் கிடந்த விரல்கள் மீண்டும் உணவை எடுத்து உண்ணும் வலிமை பெற்றன.

1966இல் அமெரிக்காவுக்குச் சென்றபின், இதே அறிவை நீரிழிவாளர்களின் பாதங்களைக் காக்கவும் அவர் பயன்படுத்தினார். இன்று நாம், "வெறுங்காலோடு நடக்காதீர்கள், இரவில் பாதத்தைப் பாருங்கள்" என்று கூறும் அறிவுரைக்குப் பின்னால் இந்த மலைமகனின் உழைப்பும் உண்டு.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

நோயாளிகளுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். மாத்திரையை நிறுத்துமுன் எங்களிடம் சொல்லுங்கள். பக்கவிளைவோ, பணத்தட்டுப்பாடோ, வேலைக்குச் செல்லவேண்டிய கட்டாயமோ எதுவாயினும் மறைக்காதீர்கள். காசநோய்க்கும் தொழுநோய்க்கும் அரசு மருத்துவ நிலையங்களில் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. சில நாட்கள் மருந்து விட்டுப்போயிருந்தாலும் வெட்கப்படாமல் திரும்பி வாருங்கள். திரும்பி வருபவரைக் கடிந்துகொள்வது எங்கள் வேலையன்று.

நீரிழிவுள்ளோர் இரவுதோறும் இரு பாதங்களையும் விரலிடுக்குகளையும் விளக்கொளியில் பார்க்கவேண்டும். குனிய இயலாதவர்கள் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பாதத்தைப் பார்க்கலாம். பார்வை மங்கியவர்களுக்கு வீட்டில் ஒருவர் உதவலாம். வலியில்லாத புண்ணே மிகுந்த ஆபத்துடையது என்பதை மறவாதீர்கள்.

உடனிருந்து கவனிப்போருக்கு ஒரு சொல். எவலின் அம்மையாரின் வரலாற்றைப் படித்துவிட்டு, களைப்படைவதே குற்றம் என்று எண்ணிவிட வேண்டா. கணவரை இழந்த துயரில் அவரும் சிலகாலம் விலகியிருந்தே மீண்டார். தள்ளாடியபோது கழிகளை ஊன்றிக்கொண்டார். நீங்களும் ஊன்றுகோல்களைத் தேடிக்கொள்ளுங்கள். இரவு விழிப்பை ஒருவரே சுமக்காமல் அண்ணன், தம்பி, மருமகள், பேரப்பிள்ளைகள் எனப் பகிர்ந்துகொள்ளுங்கள். உங்கள் சொந்த இரத்த அழுத்த மாத்திரையையும் மதிய உணவையும் தள்ளிப்போடாதீர்கள். தூக்கமின்மை, காரணமற்ற எரிச்சல், எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், நோயாளியின் மறுபரிசோதனைக்கு வரும் நாளிலேயே உங்களைப் பற்றியும் எங்களிடம் கூறுங்கள்.

"இன்னும் எத்தனை நாள்?" என்ற கேள்விக்கு எல்லா நேரங்களிலும் எங்களால் துல்லியமான விடை கூற இயலாது. ஆனால் இன்றைக்குரிய பங்கு எது என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் தெளிவாகச் சொல்லமுடியும்: இன்றைய மாத்திரை, இன்றைய பயிற்சி, இன்றைய காயக்கட்டு. அதைச் செய்துமுடித்து, குறித்த நாளில் திரும்பி வாருங்கள். நாங்கள் இங்கே இருப்போம்.