டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாய்

சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ காரை லிஃப்டில் ஏற்றி அடியில் நின்று பார்த்தால், என்ஜினுக்குக் கீழே ஒரு குழாய் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குக் குறுக்கே போவது தெரியும். இந்தக் காரில் இருப்பது பாக்ஸர் என்ஜின். பிஸ்டன்கள் நின்ற நிலையில் மேலும் கீழும் போகாமல், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்த நிலையில் வேலை செய்யும். புகை வெளியேறும் வாய்கள் தரையைப் பார்த்துத் திறக்கின்றன. டர்போ ஒன்றுதான், அதுவும் வலது பின்மூலையில். எனவே வலப்பக்கச் சிலிண்டர்களின் புகைக்குக் கிட்டத்துப் பாதை, இடப்பக்கத்துப் புகைக்கு என்ஜினைக் கடந்து வர வேண்டிய தூரத்துப் பாதை. இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் சுபாருவின் பேர்பெற்ற ‘தடதட’ உறுமல் பிறக்கிறது. 1995, 1996, 1997 என அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் உலக ரேலி தயாரிப்பாளர் பட்டத்தை வென்ற கார் வம்சம் இது. காலின் மெக்ரே, ரிச்சர்ட் பர்ன்ஸ், பெட்டர் சோல்பெர்க் ஆகிய மூவரும் இதே வம்சத்துக் கார்களில்தான் உலகச் சாம்பியன் ஆனார்கள். இந்தக் காரை வாங்குகிறவர்களில் பலருக்கு முதலில் வரும் ஆசை, கம்பெனி ஃபிட்டிங்காக வந்த ஹெடரை, அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் கொண்டுபோகும் அந்தக் குழாய்த் தொகுதியை, கழற்றிவிட்டு, வெளியில் கிடைக்கும் சம நீள ஸ்டீல் ஹெடரை மாட்டுவது. அந்த வரிசை தவறு என்பதே என் வாதம். டர்போ காரில் ஹெடர் கடைசியாகத் தொட வேண்டிய பாகம். டர்போவையும் ட்யூனிங்கையும் அப்படியே விட்டுவிட்டு அதை மட்டும் மாற்றினால், கொடுத்த காசுக்கு ஈடாகக் கிடைப்பது மிகக் குறைவு.

இந்த ஆசை வெறும் மோகத்தில் பிறந்ததல்ல. டர்போ இல்லாத என்ஜினில் ஹெடர் மெய்யாகவே சக்தி தரும். சிலிண்டரிலிருந்து புகை பீறிட்டு வெளியேறும்போது ஓர் அழுத்த அலை குழாய் வழியே ஓடுகிறது. குழாய்கள் கூடும் இடத்தை அடைந்ததும் அதன் எதிரலை, இந்த முறை உறிஞ்சும் அலையாக, திரும்பி வருகிறது. குழாயின் நீளம் சரியாக அமைந்தால், வால்வு மூடுவதற்கு முந்தைய அந்தக் கண நேரத்தில் இந்த அலை வந்து மிச்சப் புகையையும் இழுத்துவிடும். காலியான இடத்தில் புதுக் காற்று கூடுதலாக நுழையும். பழைய பந்தயக் கார்களில் நான்கு குழாய்களை அளந்து வளைத்து ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்ததெல்லாம் இதற்காகத்தான். அந்த அனுபவம் தலைமுறை தலைமுறையாக மெக்கானிக் ஷெட்டுகளில் ஊறிவிட்டது. டர்போ கார்கள் வந்த பிறகும் அதே பாடம் அப்படியே ஒப்பிக்கப்படுகிறது.

ஆனால் டர்போ காரில் புகையின் வழியை ஒரு சக்கரம் மறித்து நிற்கிறது. 1905-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி காப்புரிமை பெற்ற கருத்தின் சாரம் இது: வீணாகப் போகும் புகையின் வேகத்தையும் வெப்பத்தையும் கொண்டு ஒரு டர்பைனைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிப்பது. பெட்ரோல் என்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது அந்தப் புகை சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். குழாய் முழுக்க அழுத்தம் தேங்கி நிற்கும். அந்த நெரிசலில் மெல்லிய உறிஞ்சும் அலை பெரிதாக எதையும் சாதிக்க முடியாது. டர்பைனுக்கு வேண்டியது சூடு குறையாத, வீச்சு தளராத புகை. நீண்டு வளைந்து பளபளக்கும் குழாய் வழியெல்லாம் சூட்டை இழக்கிறது. உள்ளளவும் கூடுவதால் ஒவ்வொரு துடிப்பும் அதில் பரவித் தளர்ந்துவிடுகிறது. குட்டையான குழாய் பல நேரங்களில் டர்போவைச் சீக்கிரம் எழுப்பிவிடுவது இதனால்தான். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம், வேண்டும் என்பதைக் காரின் கணினிதான் தீர்மானிக்கிறது. அந்த அளவை எட்டியதும் வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு திறந்து, மிஞ்சிய புகையை டர்பைனுக்குக் காட்டாமல் வெளியே அனுப்பிவிடும். ஹெடர் எவ்வளவு தாராளமாகப் புகையைக் கொண்டுவந்தாலும் கணினியில் உள்ள எண் மாறாதவரை அந்தக் கதவு சற்று முன்னதாகத் திறக்கும், அவ்வளவுதான். டர்பைனுக்கு முன் தேங்கும் அழுத்தம் கொஞ்சம் குறைவதால் ஒரு சிறு லாபம் இருக்கும். அதை நான் மறுக்கவில்லை.

அப்படியானால் ஜப்பானில் விற்ற எஸ்டிஐ-க்கு சுபாருவே சம நீள ஹெடரைப் போட்டது ஏன் என்று கேட்கலாம். நல்ல கேள்வி, இந்த விஷயத்தின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. இந்த என்ஜினில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-2-4. என்ஜினின் தண்டு 180 டிகிரி திரும்புவதற்கு ஒரு வெடிப்பு. ஆனால் ஒரு புகை வால்வு ஏறக்குறைய 240 டிகிரி திறந்தே இருக்கும். அதனால் ஒரு சிலிண்டர் தன் புகையைத் தள்ளி முடிப்பதற்குள், அடுத்ததன் வீச்சு குழாய் வழியே வந்து அதன் முகத்தில் அறைகிறது. இதைத் தவிர்க்க, 360 டிகிரி இடைவெளியில் வெடிக்கும் இரண்டிரண்டு சிலிண்டர்களைத் தனித்தனி ஜோடியாக்கி, டர்பைனின் வாய்வரை இரு தனிப் பாதைகளில் கொண்டுபோக வேண்டும். இந்த வரிசையில் 1-உம் 2-உம் ஒரு ஜோடி, 3-உம் 4-உம் மறு ஜோடி. ஒற்றைப்படைச் சிலிண்டர்கள் ஒரு பக்கமும் இரட்டைப்படை மறு பக்கமும் இருப்பதால் ஒவ்வொரு ஜோடியும் என்ஜினின் இரு புறங்களிலிருந்தும் வந்து சேர வேண்டும். ஜப்பானிய என்ஜினில் அந்தக் குழாய்களை அடியில் பின்னலாகக் கோத்திருப்பது இதற்காகத்தான். டர்போவின் வாயும் இரண்டாகப் பிரிந்த ட்வின் ஸ்க்ரோல் வகை. கணினியின் கணக்கும் அதற்கென்றே எழுதப்பட்டது. ஹெடர், டர்போ, ட்யூனிங் மூன்றும் ஒரே திட்டத்தில் பிறந்தவை. அமெரிக்காவில் 2004 மாடலாக 300 குதிரைத்திறனுடன் வந்த 2.5 லிட்டர் எஸ்டிஐ-இல் டர்போவின் வாய் ஒன்றுதான். அதில் சம நீள ஹெடரை மட்டும் மாட்டினால், கவனமாகப் பிரித்துக் கொண்டுவந்த துடிப்புகள் எல்லாம் டர்போவுக்கு ஏறும் ஒற்றைக் குழாயில் மறுபடி கலந்துவிடும். பெரிய டர்போ போட்டு, கணினியைத் திருத்தி, எரிபொருள் பம்பு வரை மாற்றுகிறவருக்கு நல்ல ஹெடர் அவசியம்தான். அங்கே அது ஒரு பெரிய வேலையின் பகுதியாக வருகிறது.

உலோகத்தின் பிடிவாதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு, வார்ப்பிரும்பைவிடச் சூட்டில் அதிகம் நீளும். அரை மீட்டர் எஃகுக் குழாய் 800 டிகிரி சூடேறினால் சுமார் 7 மில்லிமீட்டர் வளர்கிறது. இரு முனையிலும் போல்ட் போட்டு இறுக்கிய குழாய்க்கு அந்த 7 மில்லிமீட்டர் போவதற்கு இடமில்லை. விரிந்து சுருங்கும் வேலை ஒவ்வொரு பயணத்திலும் நடக்க, மலிவான ஹெடரில் வெல்டிங் ஓரமாக மயிரிழை விரிசல் ஒன்று விழுகிறது. காலையில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியதும் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம், சூடேறியதும் விரிசல் மூடிக்கொள்வதால் அது மறைந்துவிடும். டர்போவுக்கு முன்னால் கசியும் புகை, பூஸ்டைக் கட்ட வேண்டிய புகை. நன்றாகச் செய்த ஹெடருக்கும் வேறொரு ஆபத்து உண்டு. வேஸ்ட்கேட் கதவு சிறியதாக இருந்து புகை அதிகமானால், அது முழுக்கத் திறந்தும் போதாமல் பூஸ்ட் தானாக ஏறும். எரிபொருள் கணக்கு அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்றால் எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிக்கும் ‘நாக்கிங்’ தொடங்கும். ரிங்குகளைத் தாங்கும் பிஸ்டன் விளிம்பு உடைவதற்குப் பேர்போன இந்த 2.5 லிட்டர் என்ஜின் அதைத் தாங்காது.

சத்தத்துக்காக மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் விருப்பம் மதிக்கத்தக்கது. சம நீளம் போட்டால் உறுமல் போய், சீரான, கூர்மையான குரல் வரும். அதே கம்பெனியின் டர்போ இல்லாத பிஆர்இசட் சம நீள ஹெடருடன் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. அதை வாங்கியவர்களில் பலர் பழைய உறுமல் வேண்டும் என்று காசு கொடுத்துச் சமமில்லாத ஹெடரைப் போட்டுக்கொள்கிறார்கள். காதுக்குப் பிடித்ததைக் காது வாங்கட்டும். அதைக் குதிரைத்திறன் என்று சொல்லி விற்பதுதான் எனக்கு உடன்பாடில்லாதது.

எஸ்டிஐ-இல் பணத்தைப் போட வேண்டிய இடம் டர்போவுக்குப் பின்னால் இருக்கிறது. டர்பைனைத் தாண்டி வரும் டவுன்பைப்பில் நெரிசல் குறைந்தால், டர்பைனின் இருபுற அழுத்த வித்தியாசம் கூடி அது சீக்கிரம் சுழலும். கூடவே கணினியைத் திருத்தினால் ஓட்டுகிறவருக்கே தெரியும் அளவு மாற்றம் வரும். ஆனால் அந்தக் குழாயில்தான் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் இருக்கிறது. அதைப் பிடுங்கி எறிவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியாவில் புகை சம்பந்தப்பட்ட மாற்றுப் பாகம் எதுவானாலும் மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இருந்தால்தான் சாலையில் ஓட்டலாம். பின்னால் நடந்து வருகிறவரின் நுரையீரலை நினைத்தால் இந்தக் கண்டிப்பு நியாயமே. அனுமதி பெற்ற, கன்வெர்ட்டரோடு கூடிய டவுன்பைப்பைத் தேடிப் போடுவதற்கு ஆகும் கூடுதல் செலவை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

புதிய டர்போ என்ஜின்கள் சிலவற்றில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ-இலும், 2017-இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர்-இலும் புகைக் குழாய்களை சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்த்து, சுற்றிலும் குளிர்நீரை ஓடவிட்டு, ஹெட்டின் வாயிலேயே டர்போவைப் பொருத்திவிட்டார்கள். கழற்றுவதற்குத் தனி ஹெடர் கிடையாது. அந்தக் கார்களிலும் ட்யூனிங் செய்கிறவர்கள் கணிசமான சக்தியைக் கூட்டத்தான் செய்கிறார்கள். அவர்கள் வேலையைத் தொடங்குவது கணினியிலும், டர்போவுக்குப் பின்னால் இருக்கும் முதல் குழாயிலும்.