இரவல் மொழி, சொந்தக் கதை

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்ச்சர்ட் சாலை லக்கி பிளாசா பக்கம் போயிருப்பவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. சிங்கப்பூரில் வேலை செய்யும் பிலிப்பினோக்கள் கூட்டம் கூட்டமாக நின்று தகலோக்கிலும் இலோக்கானோவிலும் பிசாயாவிலும் பேசிக்கொண்டிருப்பார்கள். கடைக்காரரிடம் திரும்பும்போது அதே வாயிலிருந்து சரளமாக ஆங்கிலம் வரும். இவர்களுக்கு மட்டும் ஆங்கிலம் எப்படி இவ்வளவு எளிதாக வருகிறது என்று வியக்காதவர் குறைவு.

அந்த ஆங்கிலம் 1901ஆம் ஆண்டு ஒரு கப்பலில் வந்து இறங்கியது. அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம், பிலிப்பீன்ஸ் எழுத்தாளர்களை ஒரு கேள்வி விடாமல் துரத்தியது. ஆள வந்தவன் கொடுத்த மொழியில் நம் கதையைச் சொல்ல முடியுமா? சொன்னால் அதை யார் படிப்பார்கள்?

ஸ்பானியத்தில் பிறந்த கோபம்

அமெரிக்காவுக்கு முன்பு பிலிப்பீன்ஸை முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டது ஸ்பெயின். அப்போது படித்தவர்களின் மொழி ஸ்பானியம். தேசிய வீரராகப் போற்றப்படும் ஹோசே ரிசால் தமது இரண்டு நாவல்களையும் அந்த மொழியில்தான் எழுதினார். 'நோலி மே தாங்கெரே' 1887இல் பெர்லினிலும், 'எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ' 1891இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரிலும் அச்சாகின. பாதிரியார்களின் ஆதிக்கத்தையும் அதிகாரிகளின் கொடுமையையும் அவை தோலுரித்துக் காட்டின. கிளர்ச்சியைத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டி ஸ்பானிய அரசு 1896 டிசம்பர் 30ஆம் தேதி அவரைச் சுட்டுக் கொன்றது.

1898இல் பிலிப்பினோக்கள் விடுதலையைப் பிரகடனம் செய்தார்கள். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, 2 கோடி டாலர் பெற்றுக்கொண்டு ஸ்பெயின் அந்நாட்டை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. நாட்டு மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1899 பிப்ரவரியில் போர் மூண்டது. 1902 ஜூலையில் போர் முடிந்துவிட்டதாக அமெரிக்கா அறிவித்தபோது, சுமார் 20,000 பிலிப்பினோ போராளிகள் மாண்டிருந்தார்கள். சண்டையிலும் பசியிலும் நோயிலும் இறந்த பொதுமக்களின் எண்ணிக்கை 2 லட்சம் வரை இருக்கலாம் எனக் கணிக்கப்படுகிறது.

துப்பாக்கிக்குப் பின்னால் பாடப்புத்தகம்

போர் ஓயும் முன்பே பள்ளிக்கூடம் திறந்ததுதான் அமெரிக்க ஆட்சியின் தனித்தன்மை. 1901 ஜனவரியில் வந்த சட்டம் ஆங்கிலத்தைப் பயிற்று மொழியாக்கியது. ஆகஸ்ட் மாதம் 'தாமஸ்' என்ற ராணுவக் கப்பல் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்களை மணிலாவில் இறக்கியது. கப்பலின் பெயரால் அவர்கள் 'தாமசைட்டுகள்' என்றே அழைக்கப்பட்டார்கள். அங்கிருந்து தீவு தீவாக, கிராமம் கிராமமாகப் பிரிந்து சென்றார்கள். 1903 முதல், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் அரசாங்கச் செலவில் அமெரிக்காவுக்கே படிக்க அனுப்பப்பட்டார்கள்.

ஏன் ஆங்கிலம்? நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் தீவுகளுக்குப் பொதுமொழி ஒன்று வேண்டும் என்றார்கள் ஆட்சியாளர்கள். வந்த ஆசிரியர்களுக்கு உள்ளூர் மொழி எதுவும் தெரியாது என்பதும் ஒரு காரணம். இதில் நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஸ்பானியர்கள் மேல்தட்டினருக்கு மட்டும் திறந்துவைத்த கல்விக் கதவு ஏழை விவசாயியின் பிள்ளைக்கும் திறந்தது. அரசாங்க வேலைக்கு ஆங்கிலம் தேவைப்பட்டதால் பெற்றோர்களும் விரும்பியே பிள்ளைகளை அனுப்பினார்கள். ஆனால் வீட்டில் ஒருநாளும் காதில் விழாத மொழியில் அந்தக் குழந்தை முதல் எழுத்தைக் கற்க வேண்டியிருந்தது. மாமரத்தடியில் உட்கார்ந்து ஆப்பிளைப் பற்றியும் பனிப்பொழிவைப் பற்றியும் படித்தது அது.

மேடை ஏறிய எதிர்ப்பு

ஒரு கையில் பாடப்புத்தகம் என்றால் மறு கையில் சட்டப்புத்தகம். 1901 நவம்பரில் வந்த தேசநிந்தனைச் சட்டம், போர் நடக்கும் காலத்தில் விடுதலை கேட்டுப் பேசுவதையும் எழுதுவதையும் குற்றமாக்கியது. 1907இல் பிலிப்பீன்ஸ் கொடியைக் காட்டுவதே தடை செய்யப்பட்டது. அந்தத் தடை 1919இல்தான் நீங்கியது.

நேரடியாகச் சொல்ல முடியாததை எழுத்தாளர்கள் நாடகமாகச் சொன்னார்கள், அதுவும் தகலோக் மொழியில். அவுரெலியோ தொலென்டினோ எழுதிய 'நேற்று, இன்று, நாளை' என்ற நாடகம் 1903 மே மாதம் மணிலாவில் அரங்கேறியது. அதில் 'தாய்நாடு' ஒரு பாத்திரம். அமெரிக்காவைக் குறிக்கும் பாத்திரத்தின் பெயர் 'புதிதாய் முளைத்தவன்'. பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. போலிசாருக்கும் தேவைப்படவில்லை! தொலென்டினோ சிறைக்குப் போனார். அக்கால நாடகங்கள் சிலவற்றில் நடிகர்கள் வெவ்வேறு வண்ண உடையில் வந்து, பாட்டின் நடுவே சட்டென்று நெருங்கி நிற்பார்களாம். ஒரு கணம் மேடையில் பிலிப்பீன்ஸ் கொடி தெரியும். அடுத்த கணம் கலைந்துவிடும்.

பத்திரிகைகளும் தப்பவில்லை. 'எல் ரெனாசிமியென்தோ' என்ற ஏடு 1908இல் 'இரை தேடும் பறவைகள்' என்று ஒரு தலையங்கம் வெளியிட்டது. அதில் யாருடைய பெயரும் இல்லை. ஆனால் உயர்பதவியில் இருந்த அமெரிக்க அதிகாரி டீன் வூஸ்டர், தம்மைத்தான் சொல்கிறார்கள் என்று அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார். ஏடு மூடப்பட்டது.

இருந்தாலும் தாய்மொழி எழுத்து அடங்கிவிடவில்லை. லோப்பே கே. சாந்தோஸ் தொழிலாளர் உரிமை பேசும் 'பனாக் அட் சிகாட்' நாவலை 1906இல் நூலாகக் கொண்டுவந்தார். 1922இல் 'லிவாய்வாய்' வார இதழ் பிறந்து தகலோக் கதைகளை வீடு வீடாகக் கொண்டுபோனது. 1934இல் இலோக்கானோ மொழிக்கு 'பன்னாவாக்' வந்தது. 1924இல் 'பலக்தாசான்' என்ற புதுமை தொடங்கியது. நமது கவியரங்கமும் பட்டிமன்றமும் ஒன்று சேர்ந்தது போல, இரு கவிஞர்கள் மேடையில் கவிதையிலேயே வாதாடுவார்கள். அதில் மக்கள் மனம் கவர்ந்த ஹோசே கொரசோன் டி ஹெசூஸ்தான், பின்னாளில் போராட்டக் களங்களில் ஒலித்த 'பயான் கோ' பாடலைத் தகலோக்கில் எழுதியவர்.

ஒரு தலைமுறை காத்திருந்த ஆங்கிலம்

தாமசைட்டுகள் கற்பித்த ஆங்கிலம் உடனே இலக்கியமாகிவிடவில்லை. முதலில் பாடம், பிறகு போலச் செய்தல், அதன்பிறகே சொந்தக் குரல். 1908இல் பிலிப்பீன்ஸ் பல்கலைக்கழகம் தொடங்கியதும் மாணவர் இதழ்களில் பயிற்சி நடந்தது. முதல் ஆங்கில நாவல் 1921இல் வந்தது. எழுதியவர் சொய்லோ கலாங்.

நவீன ஆங்கிலச் சிறுகதையின் தொடக்கமாகப் பலரும் கொண்டாடுவது 1925இல் வெளியான 'இறந்த விண்மீன்கள்' என்ற கதையை. எழுதியவர் ஒரு பெண், பல்கலைக்கழக ஆசிரியை பாஸ் மார்க்கெஸ் பெனித்தெஸ். ஒருத்திக்கு நிச்சயிக்கப்பட்டவன் இன்னொருத்தியிடம் மனதைப் பறிகொடுக்கிறான். பல ஆண்டுகள் கழித்து அவளைத் தேடிப் போகும்போது, நெஞ்சில் ஒளிர்ந்துகொண்டிருந்தது எப்போதோ அணைந்துவிட்ட விண்மீனின் வெளிச்சம் என்று உணர்கிறான். கப்பல் வந்து 24 ஆண்டுகளில் ஆங்கிலம் பிலிப்பினோக்களின் மனதைப் பேசத் தொடங்கிவிட்டது.

தந்தை ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம்

இந்த மாற்றத்தின் வேகத்தை ஒரே குடும்பத்தில் பார்க்கலாம். டாக்டர் சிமியோன் வில்லா, அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட தலைவர் அகினால்டோவின் மருத்துவர். அமெரிக்கப் படைகள் துரத்த, தலைவரோடு மலைகளில் அலைந்தவர். அவர் மகன் ஹோசே கார்சியா வில்லா 1908இல் பிறந்து, ஆங்கிலக் கவிஞராக அமெரிக்காவிலேயே பெயர் வாங்கினார்.

1929இல் வில்லா எழுதிய கவிதைகள் ஆபாசமானவை என்று நீதிமன்றம் அபராதம் விதித்தது. பல்கலைக்கழகம் இடைநீக்கம் செய்தது. அதே ஆண்டு அவர் சிறுகதை ஒன்றுக்கு 1,000 பெசோ பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவரது கதைத் தொகுப்பை 1933இல் புகழ்பெற்ற அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. கலை கலைக்காகவே, அதற்கு வேறு வேலை கிடையாது என்பது வில்லாவின் கட்சி.

எதிர்க்கட்சியாக எழுந்தவர் சல்வடோர் லோப்பெஸ். 'இலக்கியமும் சமுதாயமும்' என்ற அவரது கட்டுரை நூல் 1940இல் அரசாங்கப் பரிசு பெற்றது. வயலில் உழைப்பவன் வறுமையில் வாடும்போது சொல் அழகில் மட்டும் மயங்கிக் கிடப்பது எழுத்தாளனுக்கு அழகல்ல என்பது அவர் வாதம். ஆனால் இந்த வாதத்தின் அடியில் ஒரு சங்கடம் இருந்தது. உழைப்பாளிக்காகப் பேசிய லோப்பெஸும் ஆங்கிலத்தில்தான் எழுதினார். 1939 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்கள் சுமார் கால்வாசிப் பேர்தான். ஸ்பானியத்தைவிட இது மிகவும் அதிகம் என்றாலும், எஞ்சிய முக்கால்வாசிப் பேருக்கு அவர் எழுத்தும் எட்டாக்கனியே.

மண் வாசனையும் அகதி வாழ்வும்

இரவல் மொழிக்கு மண் வாசனை ஏற்றிக் காட்டியவர் மனுவேல் அர்கில்யா. இலோக்கானோ பேசும் லா யூனியன் மாநிலத்துக் கிராமத்தில் பிறந்தவர். 1940இல் பரிசு பெற்ற அவரது தொகுப்பின் தலைப்புக் கதையில், அண்ணன் லியோன் நகரத்துப் பெண்ணை மணந்து ஊருக்கு அழைத்து வருகிறான். மாட்டு வண்டியை நெடுஞ்சாலை வழியாக ஓட்டாமல் வயல்வெளி வழியாக ஓட்டி வரச் சொல்கிறார் தந்தை. வரப்போகும் மருமகள் கிராமத்தைத் தாங்குவாளா என்று பார்க்கும் பரீட்சை அது. சொற்கள் ஆங்கிலம்தான், ஆனால் காளையின் மூச்சும் வயலின் ஈரமும் இலோக்கானோ நாட்டுடையவை. ஜப்பானியர் ஆக்கிரமிப்பின்போது ரகசிய எதிர்ப்புப் படைக்கு உதவிய அர்கில்யாவை, 1944இல் ஜப்பானியர்கள் கொன்றார்கள்.

பங்காசினான் விவசாயியின் மகன் கார்லோஸ் புலோசான் கதை வேறு. பாடப்புத்தகம் சொன்ன சமத்துவ அமெரிக்காவை நம்பி 1930இல் அங்கே போனார். கண்டதோ தோட்ட வேலை, அடி உதை, நிறவெறி. அமெரிக்காவின் கொடிக்குக் கீழ் பிறந்தவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை இல்லை. பத்தாண்டில் விடுதலை தருவதாகச் சொன்ன 1934ஆம் ஆண்டுச் சட்டமே, ஆண்டுக்கு 50 பிலிப்பினோக்களுக்கு மேல் குடியேற முடியாது என்றும் சொன்னது. காசநோயால் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனையில் ஈராண்டு படுத்திருந்த காலத்தில் புலோசான் புத்தகங்களாகப் படித்துத் தள்ளி எழுத்தாளரானார். 1946இல் வந்த 'அமெரிக்கா இதயத்தில் இருக்கிறது' நூலில், அமெரிக்கா கற்றுத்தந்த மொழியிலேயே அமெரிக்காவிடம் கணக்குக் கேட்டார்.

வரவும் செலவும்

அதே 1946 ஜூலை 4ஆம் தேதி பிலிப்பீன்ஸ் விடுதலை பெற்றது. ஆங்கிலத்தால் அந்நாட்டு எழுத்தாளர்களுக்கு உலகம் திறந்தது. தகலோக் பேசுபவரும் இலோக்கானோ பேசுபவரும் ஒரே இதழில் சந்திக்க முடிந்தது. இது வரவு.

செலவும் சிறிதல்ல. தாத்தா ஸ்பானியத்தில் எழுதினார், பேரனுக்கு அது படிக்கத் தெரியாது. ரிசாலின் நாவல்களை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று 1956இல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. இன்றும் பெரும்பாலான மாணவர்கள் தங்கள் தேசத்தை எழுப்பிய அந்த நூல்களை மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறார்கள். 1987 அரசியலமைப்புச் சட்டம் ஆட்சிமொழிகளாக ஏற்றது ஃபிலிப்பினோவையும் ஆங்கிலத்தையும். ஸ்பானியம் அந்த இடத்தை இழந்தது.

பள்ளிக்கூடத்தின் மொழி மாறினால் புதிய புத்தகங்கள் கிடைக்கும், பழைய அலமாரிக்குப் பூட்டு விழும். அந்தப் பூட்டுக்குச் சாவி செய்பவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். அண்டை வீட்டுக்காரரின் இந்த அலமாரியை எட்டிப் பார்க்க விரும்பும் நேயர்கள் அர்கில்யாவின் மாட்டு வண்டிக் கதையிலிருந்து தொடங்கலாம். கிராமத்துப் பெரியவர் ஒருவர் மருமகளை எடைபோடும் விதம் தமிழ் வாசகருக்குப் புதிதாக இருக்காது.