மண்ணுக்கு மேலே நிற்கும் வேர்கள்

ஒரு செடியை வேரோடு பிடுங்கி வெயிலில் போட்டால் சில மணி நேரத்தில் வாடிவிடும். ஆனால், வேர்களின் பெரும்பகுதி காற்றிலும் வெயிலிலும் தெரியும்படி பல ஆண்டுகள் செழிப்பாக வாழும் குட்டி மேப்பிள் மரங்கள் ஜப்பானில் உண்டு. சிலந்தியின் கால்களைப் போல ஏழெட்டு வேர்கள் சாடியிலிருந்து எழுந்து நிற்கும். அவற்றின் உச்சியில்தான் அடிமரமே தொடங்கும். பொன்சாய் கலையில் இந்தப் பாணிக்கு ‘நேஅகாரி’ என்று பெயர். ஜப்பானிய மொழியில் ‘நே’ என்றால் வேர். ‘அகாரி’ என்றால் மேலெழுதல்.

ஆற்றங்கரைகளிலும் மலைச்சரிவுகளிலும் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகும்போது இப்படிப்பட்ட மரங்கள் இயற்கையாகவே உருவாகின்றன. கனசாவா நகரின் கென்ரோக்குவென் தோட்டத்தில் மனிதர்களே உருவாக்கிய ஒரு பெரிய பைன் மரம் இருக்கிறது. அதை மண்மேட்டில் நட்டு, வளர்ந்த பிறகு மண்ணை அகற்றினார்கள் என்று சொல்லப்படுகிறது. இன்று 40க்கும் மேற்பட்ட வேர்கள் சுமார் 2 மீட்டர் உயரத்திற்கு அந்த மரத்தைத் தாங்கி நிற்கின்றன. பொன்சாய் வளர்ப்பவர் இதே வேலையைச் சிறிய சாடிக்குள் செய்கிறார்.

நம் சதுப்புநிலக் காடுகளில் உள்ள பாக்காவ் மரத்தின் தாங்கு வேர்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை தண்டிலிருந்து முளைத்து, தொடக்கம் முதலே காற்றில் வளர்பவை. மேப்பிளின் வேர்களோ மண்ணுக்குள் பிறந்தவை. பிறகு எப்படி அவை வெளியே வந்தும் காய்ந்துபோவதில்லை?

வேரின் எல்லாப் பகுதியும் ஒரே அளவில் நீரை உறிஞ்சுவதில்லை. நுனியை ஒட்டிய இளம் பகுதிதான் இந்த வேலையைப் பெருமளவு செய்கிறது. அங்கே கண்ணுக்கு அரிதாகத் தெரியும் வேர்த்தூவிகள் அடர்ந்திருக்கும். ஒவ்வொரு தூவியும் ஒரே ஓர் உயிரணுவின் நீட்சி. அதன் சுவர் மிக மெல்லியது என்பதால் நீர் எளிதாக உள்ளே போகும். அதே காரணத்தால், காற்றுப் பட்டால் விரைவில் உலர்ந்துவிடும். பிடுங்கிய செடி பிழைக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நுனியைத் தாண்டி மேலே போனால் கதை வேறு. முதிர்ந்த வேர் ஒரு குழாயைப் போன்றது. உள்ளே சைலம் நீரை மேலே கொண்டு செல்கிறது. வெளியே தக்கைத் திசு போர்த்தியிருக்கிறது. தக்கை உயிரணுக்களின் சுவரில் ‘சுபெரின்’ என்னும் மெழுகு போன்ற பொருள் படிவதால் உள்ளே உள்ள நீர் எளிதில் வெளியேறாது. கிளைகளின் பட்டையும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆகவே, உறிஞ்சும் நுனிகள் ஈரமண்ணில் இருக்கும்வரை, குழாய்ப் பகுதி வெளியே தெரிவதால் மரத்துக்கு ஆபத்தில்லை.

எனவே முதல் வேலை, நுனிகளைக் கீழே இறக்குவது. இதற்கு மூன்று மடல் இலை கொண்ட ‘டிரைடண்ட்’ மேப்பிளைப் பலர் விரும்புகிறார்கள். அதன் வேர்கள் சதைப்பற்றானவை, வேகமாகப் பருப்பவை. ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு வளர்ந்தால் காலப்போக்கில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். இளங்கன்றின் ஆணிவேரை வெட்டிப் பக்கவேர்களை வளரவிட்டு, உயரமான சாடியிலோ குழாயிலோ நடுகிறார்கள். அடியில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் சத்தான மண். மேலே விரைவில் காயும் கரடுமுரடான மணல். புவியீர்ப்பு ஒருபுறம், ஈரம் மறுபுறம். இரண்டும் சேர்ந்து வேர்களைக் கீழ்நோக்கி இழுக்கின்றன.

வேர்கள் அடிமண்ணை எட்டவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். அதன் பிறகு மேல் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு முறைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வீதம் அகற்ற வேண்டும். வெளியே தெரியும் வேரில் முளைத்துள்ள மெல்லிய கிளைவேர்கள் காய்ந்துவிடும், அவற்றை வெட்டிவிடலாம். மீதி வேர் பழுப்பேறிப் பட்டை கட்டுகிறதா என்று பார்த்துத்தான் அடுத்த அடுக்கைத் தொட வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் எல்லா மணலையும் கொட்டிவிட்டால், தக்கை தடிக்காத இளவேர்கள் சுருங்கிவிடும், இலைகள் கருகிவிடும், மரமே செத்துப்போகவும் கூடும். இன்னொரு காரணமும் உண்டு: மண்ணுக்குள் இருக்கும்போதுதான் வேர் வேகமாகப் பருக்கும். மெலிந்த வேர்களை வெளியே எடுத்தால் பல ஆண்டுகள் அவை மெலிந்தே நிற்கும்; பார்க்கவும் அழகாக இருக்காது.

ஜப்பானின் குளிர்காலமும் ஒரு சோதனைதான். பொதுவாக மரத்தின் வேர்கள் கிளைகளைப் போலக் கடுங்குளிரைத் தாங்குவதில்லை. மண் என்னும் போர்வை இல்லாத வேர்களை உறைபனியிலிருந்து காக்கப் பாசியைச் சுற்றிவைக்கலாம், அல்லது சாடியைக் கொட்டகைக்குள் வைக்கலாம்.

நம் ஊரில் மேப்பிளை வளர்ப்பது கடினம். இலை உதிர்த்து உறங்க அதற்குக் குளிர்ந்த மாதங்கள் தேவை. ஆண்டு முழுவதும் வெப்பமாக இருந்தால் மெல்ல மெல்ல நலிந்துவிடும். செய்து பார்க்க விரும்புபவர்கள் ஆலமரத்தின் உறவான ஜெஜாவி கன்றை எடுத்துக்கொள்ளலாம். பெரிய பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, அடியில் துளையிட்டு, மண்ணும் மணலும் நிரப்பி நடுங்கள். போத்தலைக் கறுப்புத் தாளால் சுற்றிவைத்தால், அவ்வப்போது தாளை விலக்கி வேர்நுனிகள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கின்றன என்று அளந்து குறித்துக்கொள்ளலாம்.